டயர் படாத மைல்கள்

மைல் 0

இந்தக் கதை ஐந்து கட்டங்களிலிருந்து வந்தது. ஒரு படிவத்தில் இருக்கும் பத்தொன்பது கட்டங்களில் கடைசி ஐந்து. அவற்றை நான் சைக்கிளில் போய்ப் பார்த்து நிரப்பவில்லை. டன்ரோவின் பழைய ஸ்டேஷன் வாசலில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் மேல் அட்டையை வைத்துக்கொண்டு, போன வாரத் தாளைப் பார்த்து நிரப்பினேன். நாற்பது வினாடி ஆகியிருக்கும். [அன்று நேரம் பார்க்கவில்லை. பிறகு வீட்டில் அதே ஐந்து கட்டங்களை மறுபடி நிரப்பி, கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.]

இதைக் கடைசிப் பக்கம் வரை மறைத்துவைத்து, அங்கே திறந்து காட்டும் கதையாக எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஏற்கெனவே மூன்று வாரமாக மறைத்திருக்கிறேன். போதும்.

என் பெயர் பிரிட்டா லுண்ட். பகலில் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. வியாழக்கிழமை அரை நாள். அன்று மதியம் டன்ரோவிலிருந்து வெல்கா வரை, ரயில் நின்றுபோன பாதையில் பத்தொன்பது மைல் சைக்கிளில் போய்த் திரும்புவேன். மைலுக்கு ஒரு கட்டம். தடத்தைப் பராமரிக்கும் எங்கள் சங்கம் கட்டத்தில் எழுத அனுமதிக்கும் சொற்கள் நான்கு: நன்று, மெத்து (சக்கரம் புதையும் மண்), கவனம், அடைப்பு. படிவத்தின் தலையில் ஒரு விதியும் அச்சாகியிருக்கிறது. "உங்கள் டயர் படாத மைலை எழுதாதீர்கள். வெறுமையாக விடுங்கள்."

இரண்டு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் வெறுமையாக விட்டதில்லை. அதுதான் என் பெருமை. அதுதான் தொல்லையும்.

இந்தக் கதையின் பகுதிகளுக்கும் அந்த மைல்களின் எண்களையே போட்டிருக்கிறேன். எல்லா மைலிலும் கதை நிற்காது. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தாண்டிப் போவேன். அது தெரியும்போது தெரியட்டும்.

மைல் 1

தொடக்கங்கள், எழுதிய வரிசையில்:

"ஜூன் மாதத்தின் முதல் வியாழனன்று மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, காற்று அதன் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டு—"

(நிறுத்தினேன். ஜூன் ஐந்தாம் தேதி சோளம் கணுக்கால் அளவுதான் இருந்தது. நாட்குறிப்பில் இருக்கிறது.)

"பிரிட்டா என்ற பெண் பொய் சொன்னதே இல்லை, ஒரே ஒரு—"

(இதுவே பொய்.)

"ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவர் அவருக்குக் கண். மூன்றாவது ஆள் அந்தக் கண்ணுக்கு—"

கதை எழுதும் மாலை வகுப்பின் ஆசிரியை நதீன் இந்த மூன்றாவதைப் பென்சிலால் வட்டமிட்டார். "நல்லா இருக்கு, ஆனா பாட்டுப் பாடற மாதிரி இருக்கு. உனக்கு என்ன பயம்?" என்று கேட்டார். பயம் இல்லை என்றேன். அவர் வட்டத்தை அழிக்கவில்லை.

மைல் 3

இனி அவர்கள் இருவர்.

வெர்லின் க்ளோஸ்டருக்கு வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் பால் லாரி ஓட்டினார். சர்க்கரை நோயால் பார்வை போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் மனைவி ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இருவருக்கும் ஓர் இரட்டைச் சைக்கிள், பச்சை நிறம். முன்னால் ஆர்டிஸ், பின்னால் வெர்லின். முன்னால் இருப்பவரை எங்கள் பக்கம் கேப்டன் என்போம். பின்னால் இருப்பவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் வெர்லின் தன்னை இன்ஜின் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

சனிக்கிழமை காலையில் இருவரும் வெல்கா வரை போய், அங்கே ருபார்ப் பை என்னும் இனிப்புப் பண்டம் ஒன்றை வாங்கி இரண்டாக வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்கு, என் படிவத்தைக் கேட்க, என் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். வெர்லினுக்கு என் பெயர் ரிப்போர்ட்டு.

"ரிப்போர்ட்டு, எந்திரிச்சாச்சா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு, வெர்லின்."

"எங்க வீட்டு கேப்டன் இன்னும் எந்திரிக்கல. குறட்டை கேக்குதா?"

பின்னாலிருந்து ஆர்டிஸின் குரல் வரும். "கோழிக்குத் தீனி போட்டு, முட்டை எடுத்து, உனக்குக் காப்பியும் வச்சாச்சு. காலங்காத்தால அந்தப் புள்ளகிட்ட புளுகாதே, கிழவா."

"சரி, படிம்மா. ஒண்ணுலேர்ந்து."

நான் படிப்பேன். ஒன்று, நன்று. இரண்டு, நன்று. மூன்று, கவனம், கேட்டை ஒட்டிச் சரளை. அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லுவார். பத்தொன்பதும் முடிந்ததும் முதலிலிருந்து ஒருமுறை தானே ஒப்பிப்பார். ஒரு தடவைகூட அவர் பிசகியதில்லை.

மறுநாள் தடத்தில் அவர் அதை வைத்து என்ன செய்வார் என்பதை ஆர்டிஸ் எனக்குச் சொல்லியிருக்கிறார். "அஞ்சாவது மைல் மரப்பாலத்துச் சத்தம் கேட்டவுடனே பின்னாலேர்ந்து ஆரம்பிச்சுடுவான். 'கேப்டன், அடுத்தது ஆறாவது மைலு, இடப்பக்கம் மெத்து, வலமா ஒதுங்கு.' முன்னால உக்காந்திருக்கறது நீயா நானான்னு கேப்பேன். 'நீ வெறும் கண்ணு, எங்கிட்ட ரிப்போர்ட்டு இருக்கு'ம்பான்."

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை இதுவரை நான்கு முறை அழித்து, நான்கு முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.

மைல் 6

வெர்லின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மனிதர் மேல் அல்ல, கதையில் வரும் வெர்லின் மேல்.

கண் தெரியாதவரைக் கதையில் வைத்தால் அவர் தானாகவே ஞானியாகத் தொடங்கிவிடுகிறார். நான் ஒன்றும் செய்யாமலேயே என் மூன்றாவது வரைவில் அவர் மென்மையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். வெர்லின் மென்மையாகப் புன்னகைக்கிற ஆள் அல்ல. சிரித்தால் சத்தமாகச் சிரிப்பார், தன் நகைச்சுவைக்கு மட்டும். சீட்டாட்டத்தில் தோற்றால் கார்டில் தொட்டுப் படிக்கும் புடைப்புப் புள்ளிகள் கைக்குச் சரியாகத் தட்டுப்படவில்லை என்பார். ஆர்டிஸ் சமைப்பதில் உப்பு கம்மி என்று முப்பத்தெட்டு வருடமாகச் சொல்கிறார். ஒருமுறை நான் "மைல் பதினொன்றில் பூ பூத்திருக்கிறது" என்று கூடுதலாக ஒரு வரி படித்தபோது, "பூ மேல ஏறி ஓட்டணுமா? இல்லேல்ல? அப்ப அடுத்தது படி" என்றார்.

[இதையெல்லாம் எழுதியதும் அவர் கொஞ்சம் கனமாகிவிட்டார். நல்லது. கனமாகத்தான் விழுந்திருக்க வேண்டும்.]

அடைப்புக்குள் இருக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.

மைல் 9

தடத்தின் நிலைமை பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். வகுப்பில் ஒருவர் இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் பின்னால் வருவது புரியாது.

ரயில்பாதை மேடு கட்டிப் போட்டது. தண்டவாளத்தை எடுத்த பிறகு மேட்டின் முதுகில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி உருட்டியிருக்கிறார்கள். மழை பட்டு, வெயில் பட்டு, அது ரொட்டியின் மேல்தோல் போல இறுகிவிடும். நல்ல நாளில் அதன் மேல் டயர் போகும் சத்தம் தாளைக் கிழிக்கிற மாதிரி மெல்லக் கேட்கும். பனி உருகும் மாதத்தில் தோல் ஊறி மெத்தாகும், சக்கரம் இறங்கும். குதிரைக்காரர்கள் வந்துபோனால் குளம்புக் குழிகள். மேட்டுக்குள் வளை தோண்டும் விலங்குகள் வேறு.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு ஒன்று இருக்கிறது. மேட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போக ஆங்காங்கே குழாய் பதித்திருக்கிறார்கள். பீவர் என்னும் நீர்வாழ் விலங்குகள் மரத்தை அரிந்து கொண்டுவந்து குழாயின் வாயை அடைத்துவிடும். தண்ணீர் வேறு வழி தேடி, குழாயை ஒட்டி மண்ணை அரித்துக்கொண்டு போகும். மேலே தோல் அப்படியே இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஓட்டை விழுந்தால்தான் யாருக்கும் தெரியவரும். அதன் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே ஆள் உட்காரும் அளவு பள்ளம்.

அப்படி ஓட்டையைப் பார்ப்பவர் தீவனச் சாக்கைக் கிழித்து ஒரு குச்சியில் கட்டி, அதை ஓட்டைக்கு முன்னால் நட்டுவிட்டுப் போவார். யாருக்கும் போன் செய்ய மாட்டார். அது எங்கள் ஊர் வழக்கம். வியாழக்கிழமை ரிப்போர்ட்டுப் பெண் வருவாள், குச்சியைப் பார்ப்பாள், எழுதுவாள், சங்கம் ஆள் அனுப்பும். குச்சி நட்டவரின் வேலை அதோடு முடிந்தது.

மைல் 14

ஜூன் 5, வியாழன். மேற்குக் காற்று, எதிர்க்காற்று. கிளம்பியது மதியம் இரண்டு இருபது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். காரணம்: அன்று மாலை ஆறரைக்கு வகுப்பில் முதல் முறையாக நான் எழுதியதை நானே படிக்க வேண்டும். கிளம்பும் முன் அதன் கடைசிப் பத்தியை மூன்று முறை மாற்றினேன்.

பதினாலாவது மைலின் முடிவில் இன்னொரு மரப்பாலம் இருக்கிறது. அதில் காலூன்றி நின்று மணி பார்த்தேன். மூன்று ஐம்பது.

அந்தப் பாலத்தில் போட்ட கணக்கை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். வெல்கா வரை போய்த் திரும்பினால் டன்ரோவுக்கு ஆறு மணி. அங்கிருந்து வகுப்புக்குக் காரில் இருபது நிமிடம். நேரத்துக்குப் போயிருப்பேன். வியர்வையோடு, முழங்கால் வரை சுண்ணாம்புத் தூளோடு, ஒருமுறைகூடச் சத்தமாகப் படித்துப் பார்க்காமல். அவ்வளவுதான் நட்டம்.

திரும்பிவிட்டேன்.

("ஏதோ ஒன்று அவளைத் திரும்பச் சொன்னது" என்று ஒரு வரைவில் இருந்தது. எதுவும் சொல்லவில்லை. நானேதான் திரும்பினேன்.)

ஸ்டேஷன் பெஞ்சில் பதினாலு கட்டங்களை நிரப்பினேன். மீதி ஐந்து வெள்ளையாக இருந்தன. போன வாரத் தாளை எடுத்தேன். 15, நன்று. 16, நன்று. 17, நன்று. 18, கவனம், கிளை தாழ்ந்திருக்கிறது. 19, நன்று. ஒன்றில் "கவனம்" இருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாமே நன்று என்றிருந்தால் சந்தேகம் வரும்.

இந்த இடத்தில்தான் நான் கதை எழுதக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

மைல் 15

பள்ளி நூலகத்தில் வகுப்பு. தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தேன். நான் படித்தது எடைமேடையில் ஒரு நாளைப் பற்றி. படித்து முடித்தேன். பிறகு நதீன், "விவரமெல்லாம் உண்மையா இருக்கு. இந்தப் பொண்ணு போய்ப் பாக்காம எதையும் எழுத மாட்டான்னு படிக்கும்போதே தெரியுது" என்றார்.

நூலகத்தின் கூரை தகரம். அப்போதுதான் அதில் மழை இறங்கத் தொடங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழில் போன ஏப்ரலிலேயே ஒரு மெத்தான இடம் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அடியில் குழாய் இருக்கும் இடம்.

மழை ஒன்பது மணி வரை பெய்தது. நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டே வரிகள். "மழை, ஒன்றரை அங்குலம். பாராட்டினார்கள்."

மைல் 16

மறுநாள் காலை ஏழு மணி.

"ரிப்போர்ட்டு! நேத்து வகுப்புல உன்னோடது படிச்சியாமே? ஆர்டிஸுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அழுதாங்களாமே?"

"யாரும் அழல."

"பின்ன என்னத்த எழுதின? அடுத்த தடவை என்னைப் பத்தி எழுது. அழுவாங்க."

ஆர்டிஸ் பின்னாலிருந்து, "உன்னைக் கட்டிக்கிட்டவளைப் பத்தி எழுதினாத்தான் அழுவாங்க" என்றார்.

படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாலு வரை என் குரல் எப்படி இருந்ததோ, பதினைந்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. அதுதான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"பதினேழு, நன்று."

அவர் திரும்பச் சொல்லவில்லை. "பதினேழா? ஏப்ரல்ல மெத்துன்னு சொன்னியே, குழாய்ப் பக்கம். ராத்திரி பேஞ்ச மழைக்கு இப்பவும் மெத்தா இருக்கும்ல?"

கேட்டுவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது போலக் கேட்டார். "நான் நேத்து அங்க போகல, வெர்லின்." ஐந்து சொற்கள். அன்றிலிருந்து இன்றுவரை குளிக்கும்போதும், எடைமேடையில் லாரி ஏறி இறங்கும்போதும் அந்த ஐந்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"பதினேழு, நன்று," என்றார்.

மைல் 18

சனிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆகவே மற்றவர்கள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

பதினேழாவது மைலில், குழாய் இருக்கும் இடத்தை முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் தோலை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஆர்டிஸ் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தார், இடது காறை எலும்பு முறிந்தது. வெர்லினுக்குத் தாடையில் ஏழு தையல். பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அவர் "கேப்டன், கேப்டன்" என்று கையால் தரையைத் தடவித் தேடியிருக்கிறார். ஆர்டிஸுக்கு மூச்சு முட்டி, பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் சொல்ல வந்தது விழுந்ததை அல்ல. அதற்குப் பிறகு நடந்ததை.

சங்கம் கூடி என் படிவத்தைப் பார்த்தது. வியாழன் மாலை "நன்று". வியாழன் இரவு மழை. ஆகவே அந்த இரவில்தான் அரித்திருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று முடிவானது. ஒருவர் என் தோளைத் தட்டி, "நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றார்.

திங்கட்கிழமை கோர்டி எடைமேடைக்கு வந்தார். பதினேழாவது மைலை ஒட்டி அவருடைய நிலம். லாரியிலிருந்து இறங்காமலேயே கேட்டார்.

"ஏம்மா, வியாழக்கிழமை நீ போனப்ப என் குச்சி நின்னுச்சா?"

"எந்தக் குச்சி?"

"புதன்கிழமை நட்டேன். தட்டளவு ஓட்டை. சிவப்புச் சாக்குத் துணி கட்டியிருந்தேனே."

நான் குனிந்து எடைச்சீட்டை எழுதத் தொடங்கினேன். நான் போனபோது குச்சி நிற்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அப்ப புதன்கிழமையே சாஞ்சிருக்கு," என்றார். "நல்லா அடிச்சு இறக்கியிருக்கணும். சுத்தியல் எடுக்கச் சோம்பல் பட்டேன். ஆர்டிஸ் முகத்துல எப்படி முழிப்பேன்?" எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எடை எத்தனை என்று அன்று அவர் பார்க்கக்கூட இல்லை.

ஆர்டிஸைப் பார்க்கப் போனேன். கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். "எல்லாம் என்னோட இந்தக் கண்ணாலதான்," என்றார். "நிறம் மாறியிருந்திருக்கும், நான் பாத்திருக்கணும். இருபத்தியேழு வருஷம் முப்பது பிள்ளைங்களை வச்சு பஸ் ஓட்டினவ நான். இவனை வச்சுக்கிட்டு ஒரு குழியப் பாக்கத் தெரியல. இனிமே என்னை நம்பி எவனும் பின்னால உக்காரக் கூடாது."

ஆர்டிஸ் பக்கத்தில் இல்லாதபோது வெர்லின் அடுக்களையில் தணிந்த குரலில் என்னிடம், "நான்தான் வேகமா மிதிச்சேன். பதினேழு நன்றுன்னு சொல்லி விரட்டினேன். அவகிட்ட சொல்லாதே" என்றார்.

என் ஒருத்தியின் தவறு. அதை மூன்று பேர் ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே மீதி வைக்கவில்லை. அந்தப் பங்குகளை அவர்களிடமிருந்து திருப்பிக் கேட்க வேண்டியது நான்.

மைல் 19

பதினேழைத் தாண்டிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். அங்கே திரும்பிப் போகும் முன் இதுவரை எழுதிய முடிவுகளைத் தருகிறேன்.

முடிவு அ. வெள்ளிக்கிழமை மாலை பிரிட்டாவுக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினேழுக்குப் போகிறாள். சாய்ந்து கிடந்த குச்சியை நேராக நடுகிறாள். சனிக்கிழமை பச்சைச் சைக்கிள் அதன் முன்னால் வந்து நிற்கிறது.

(எழுதும்போது அழுதேன். படித்துப் பார்த்தபோது, அதே பெஞ்ச், அதே நாற்பது வினாடி.)

முடிவு ஆ. கோர்டி எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று—

(இதில் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது.)

முடிவு இ. வெர்லின் சொல்கிறார்: "எனக்கு அன்னிக்கே தெரியும், பொண்ணே. உன் குரல்லயே தெரிஞ்சுது." மன்னிக்கிறார்.

வகுப்பில் எல்லோருக்கும் இ பிடித்திருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் மனைவியை அந்த மைலுக்கு ஏன் அழைத்துப் போனார்? பார்க்காதவருக்கு எல்லாம் தெரியும் என்று எழுதுவது வசதி, அவ்வளவுதான். அவருக்குத் தெரியாது. அவர் என்னை நம்பினார்.

வகுப்பு கலைந்த பிறகு நதீன் விளக்குகளை அணைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு உண்மையில சொன்னாளா?"

"இது கதைதானே."

"சரி. கதையில சொன்னாளா?"

சாவியைத் தேடுவது போல் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. விபத்துக்குப் பிறகு முதல் முறை.

"படிச்சுக் காட்டு, ரிப்போர்ட்டு."

"நீங்கதான் இப்ப போகலயே."

"சும்மா உக்காந்து கேக்கறேன். நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டு வரேன்."

பத்தொன்பதையும் படித்தேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னார். அடியில் ஏதோ கிறீச்சிடும் சத்தம். அடுக்களை நாற்காலிக்குக் கீழே அவர் கால்கள் மிதித்துக்கொண்டிருக்கின்றன என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

முடிந்ததும் சொன்னார். "அடுத்த வாரம் சனிக்கிழமை அந்தச் சைக்கிளை எடுத்துட்டுப் போக ஆளு வராங்க. தூரத்து ஊர்லேர்ந்து ஒரு சின்ன ஜோடி. ஆர்டிஸ் பேசி முடிச்சுட்டா. அத கொட்டகையில பாக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு அடைக்குதாம்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, நான் அத பாத்ததே இல்லையே," என்றார். பிறகு சத்தமாகச் சிரித்தார், வழக்கம்போல, தன் நகைச்சுவைக்குத் தானே. இந்த முறை பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை என்பது நாளைக்கு.

மைல் 17

ஜூன் 27, வெள்ளி. காலை ஆறு நாற்பது. காற்று இல்லை. மேசையில் இரண்டு படிவங்கள். ஒன்று நேற்றையது. பத்தொன்பது மைலும் போனேன். பதினேழில் புதுக் குழாய் பதித்திருக்கிறார்கள், தூள் இன்னும் இறுகவில்லை. அங்கே இறங்கி நின்றேன். ஓரத்துப் புல்லில் சிவப்புச் சாக்குத் துணி கட்டிய ஒரு குச்சி கிடந்தது. முனையில் இரண்டு அடிக்கு மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. கோர்டி நன்றாகத்தான் நட்டிருக்கிறார். வியாழன் மதியம் அது நின்றிருக்கும், இரவு மழைதான் சாய்த்திருக்க வேண்டும். எடுத்து வந்துவிட்டேன். இப்போது கதவருகே சாய்த்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று ஜூன் ஐந்தாம் தேதியின் படிவம்.

ஏழு மணி. அடிக்கிறது.

"ரிப்போர்ட்டு, எந்திரிச்சாச்சா?"

"வெர்லின், ஆர்டிஸைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் கேக்கணும்."

"ஏன், மரம் கிரம் விழுந்துடுச்சா?"

"கூப்பிடுங்க."

"கோழிக் கூண்டுல இருக்கா. இந்தக் கையை வச்சுக்கிட்டு நடந்துவர அவளுக்கு நேரமாகும்."

"பரவாயில்ல. நான் இருக்கேன்."

அவர் ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. என்னுடையதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். அங்கே கடிகாரம் ஓடுகிறது. வலைக்கதவு திறந்து அறைகிறது. வெர்லின் முற்றத்தைப் பார்த்துக் கத்துகிறார். தூரத்தில் ஆர்டிஸ், "என்ன அவசரம், அந்தப் புள்ளைக்குக் கல்யாணமா?" என்கிறார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் கிண்டல் செய்து கேட்கிறேன். இன்னும் அரை நிமிடத்தில் அதை நான் நிறுத்தப்போகிறேன்.

ஜூன் ஐந்தாம் தேதிப் படிவத்தில் பதினைந்து முதல் பத்தொன்பது வரை குறுக்கே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அதன் மேல் "போகவில்லை" என்று எழுதியிருக்கிறேன். படிக்க வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆர்டிஸ் என்ன சொல்வார், நாளைக்குச் சைக்கிள் போகுமா, அடுத்த வெள்ளி ஏழு மணிக்கு இந்தத் தொலைபேசி அடிக்குமா, எனக்குத் தெரியாது. என் டயர் இன்னும் அங்கே படவில்லை. ஆகவே கீழே உள்ள கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் முறை.

உங்களுக்கு ஒன்று தோன்றும். மன்னித்திருப்பார்கள் என்றோ, போனை வைத்திருப்பார்கள் என்றோ. தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். நீங்களும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

காலடிச் சத்தம் படியேறிவிட்டது.

மைல் 17: ____________